‘அங்க எரியுதுக்கா’: மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுடம்பில் நடப்பது என்ன?

எங்கள் மருந்துக்கடை ரங்கூனில் அனோரத்தா சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. காளியம்மன் கோயிலுக்கு வருகிற தமிழ்ப் பெண்கள் அப்படியே கடைக்கும் ஒரு எட்டு வந்துபோவார்கள். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, பேரப்பிள்ளைக்கு இருமல் மருந்து எல்லாம் சத்தமாகத்தான் கேட்பார்கள். சிலர் மட்டும் கடையில் ஆண்கள் யாரும் இல்லாத நேரம் வரட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். அப்படி நிற்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

போன வெயில் காலத்தில் ஒரு அம்மா அப்படி வந்து நின்றார். வயது 56. இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாகப் பூஞ்சைத் தொற்றுக்கான களிம்பைக் கேட்டார். முதல் இரண்டு தடவையும் நானும் ஒன்றும் விசாரிக்காமல் கொடுத்துவிட்டேன், அது என் தப்பு. இந்தத் தடவை கேட்டேன்.

“அரிப்பா, எரிச்சலா?”

“எரிச்சல்தான்க்கா.”

“வெள்ளை படுதா?”

“இல்ல, ஒண்ணுமே இல்ல. காய்ஞ்சு கெடக்கு. அவரு கிட்ட வந்தா மணலை வச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்கு. நான் இப்ப பேத்தி ரூம்லதான் படுக்கிறேன். கரண்டு போனா அங்கதான் காத்து வருதுன்னு சொல்லியிருக்கேன்.”

அந்த அம்மாவுக்குப் பூஞ்சைத் தொற்று எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் சொன்ன அத்தனைக்கும் மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது. “வயசாச்சு” என்ற ஒரே சொல்லில் அதை மூடிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மருந்துக் கவுண்டரில் நிற்கிறவள், இந்த மாற்றத்தை என் உடம்பிலும் கடந்து வந்தவள்.

முதலில் அடிப்படை. கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முழுதாக ஒன்றும் வராமல் இருந்தால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதிலிருந்து 55 வயதுக்குள் நடக்கும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. பர்மியர்கள் இதைத் ‘துவே சோன்’ என்பார்கள், இரத்தம் முடிந்துவிட்டது என்று பொருள். நம் வீடுகளில் ‘குளிக்கிறது நின்னுபோச்சு’ என்போம். 40 வயதுக்கு முன்னால் நின்றால் அது இயல்பு இல்லை, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷனில் இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் எந்த வயதிலும் ஒரே நாளில் நின்றுபோகும். மாற்றங்களும் படிப்படியாக வராமல் ஒன்றாக வந்து இறங்கும்.

நிற்பது இரத்தம் மட்டும் இல்லை. சினைப்பை சுரந்துகொண்டிருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனும் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. குபீரென்று முகத்தில் சூடு ஏறுவது, ராத்திரி முழுக்க வியர்ப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் இதனால்தான். சித்திரை வெயிலில் கரண்டும் போய், ஃபேனும் நின்று, உள்ளேயிருந்தும் சூடு கிளம்பினால் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இந்தச் சூடு சிலருக்கு 7 வருடத்துக்கு மேலும் இருக்கும், ஆனாலும் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். இதைப் பற்றியாவது பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். கீழே நடக்கிற மாற்றம் அப்படித் தானாகச் சரியாவதில்லை. விட்டுவிட்டால் வருடம் ஏற ஏற அதிகமாகும். அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது? யோனியின் உட்சுவரில் சின்னச் சின்ன மடிப்புகள் உண்டு. சேலைக் கொசுவம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொசுவம் இருப்பதால்தான் நாம் எட்டு வைத்து நடக்க முடிகிறது. அதே போல அந்த மடிப்புகள் இருப்பதால்தான் அந்த இடம் விரிந்து கொடுக்கிறது. அந்த மடிப்புகளையும் தோலின் தடிமனையும் காப்பாற்றி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் மடிப்பு மறைந்து, சுவர் மெலிந்து, இழுபடும் தன்மை போய்விடுகிறது. இரத்த ஓட்டமும் குறைகிறது. உறவின்போது வருகிற ஈரம் பெரும்பாலும் சுவரைச் சுற்றியிருக்கிற இரத்தக் குழாய்களிலிருந்து வியர்வை போலக் கசிவதுதான். இரத்த ஓட்டம் குறைந்தால் ஈரம் வர நேரமாகும், வந்தாலும் கொஞ்சமாகவே வரும். மனதில் ஆசை இருந்தும் உடம்பு வறண்டு கிடப்பது இதனால்தான். “உனக்கு என்மேல ஆசையே இல்ல” என்று ஒரு கணவர் சொன்னால் அவர் உடம்பின் கணக்கை மனசின் கணக்காகப் படிக்கிறார் என்று அர்த்தம்.

அப்புறம் கிருமிகள். தயிரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா இருக்கிறதே, அதே இனத்தைச் சேர்ந்த நல்ல பாக்டீரியாக்கள் யோனிக்குள் குடியிருக்கின்றன. சுவரிலிருந்து உதிரும் செல்களில் உள்ள ஒரு வகைச் சர்க்கரைதான் அவற்றின் சாப்பாடு. அதைத் தின்று அவை அமிலத்தை உண்டாக்கும். அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அண்ட விடாது. ஈஸ்ட்ரோஜன் போனால் சாப்பாடு குறைகிறது, நல்ல பாக்டீரியா குறைகிறது, புளிப்பும் குறைகிறது. சிறுநீர்க்குழாயும் சிறுநீர்ப்பையின் அடிப்பாகமும் பக்கத்திலேயே இருப்பவை, ஈஸ்ட்ரோஜனை நம்பி இருப்பவை. அவையும் மெலிகின்றன. அதனால்தான் இந்த வயதில் அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது, அவசரமாகப் போக வேண்டும்போல் இருக்கிறது, இருமினால் ஒரு சொட்டு கசிகிறது.

இதை நான் கடையில் தினமும் பார்க்கிறேன். நீர்க்கடுப்புக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக், சரியாகும், அடுத்த மாதம் திரும்ப வரும், திரும்ப ஆன்டிபயாடிக். வருடத்தில் நாலைந்து தடவை இப்படி வந்தால் ஒரு தடவையாவது சிறுநீரைச் சோதித்துப் பாருங்கள். வறட்சிக்கு வைத்தியம் செய்தால் பல பேருக்கு இந்த நீர்க்கடுப்பு வருவதே குறைந்துவிடும்.

வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, சிறுநீர்த் தொந்தரவு எல்லாவற்றையும் ஒரே கூட்டாகச் சேர்த்து மருத்துவர்கள் இதற்கு இப்போதுள்ள பெயரை வைத்தது 2014இல்தான். ‘மாதவிடாய் நின்ற பின்னான பிறப்புறுப்பு, சிறுநீர்ப் பாதைத் தொகுப்பு’ என்று தமிழில் சொல்லலாம். அதற்கு முன்னால் இதைத் ‘தேய்வு’, ‘சுருங்கல்’ என்ற பொருளில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. ஆண்களுக்கான நீல மாத்திரை, அதுதான் வயாகரா, 1998இலேயே வந்துவிட்டது. எங்கள் கடையிலும் அது விற்கிறது. 60 வயதுக்காரர் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிப் போகிறார். அவர் வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு என்று யாரும் எதுவும் வாங்குவதில்லை. ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு இன்னொருவரை வலியோடு விடுவது எனக்குப் பொறுக்கவே இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் சிலவற்றை நிறுத்துங்கள். உள்ளே சோப்புப் போட்டுக் கழுவுவது, டெட்டால் கலந்த தண்ணீர், பவுடர், வாசனைத் திரவம் எல்லாம் வேண்டாம். “சுத்தமா இருக்கணும்னு ரெண்டு தடவ டெட்டால் போட்டுக் கழுவுறேன்க்கா, அப்பவும் எரியுது” என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. மிச்சமிருக்கிற நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். வெளியே வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும். உள்பாகம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அடுத்தது ஈரப்பதம் தருகிற ஜெல். இதில் இரண்டு வகை இருக்கிறது, பல பேர் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போட்டுக்கொள்வது, முகத்துக்குக் க்ரீம் போடுகிற மாதிரி. கணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடலாம். இன்னொன்று உறவின்போது மட்டும் உராய்வைக் குறைக்கப் போடுகிற வழுவழுப்பு ஜெல். தண்ணீர் அடிப்படையில் செய்தது நல்லது. அது கிடைக்காத ஊரில் சுத்தமான தேங்காய் எண்ணெயைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், பலருக்கு ஒத்துக்கொள்கிறது. எரிச்சல் வந்தால் விட்டுவிடுங்கள். எந்த எண்ணெயும் ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழிய வைக்கலாம், அதை மறக்கக் கூடாது. வாசனை கலந்த தலைக்கு வைக்கும் எண்ணெய், வாசலின், ‘சூடு தரும்’ என்று எழுதிய ஜெல் மூன்றும் வேண்டாம்.

இதிலேயே பாதிப் பேருக்குப் போதுமான சுகம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். லேசான வறட்சிக்கு ஜெல் போதும். மணலை வைத்துத் தேய்க்கிற மாதிரி என்று சொன்ன அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது வேறு. யோனிக்குள் போடுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அல்லது மாத்திரை. எந்த இடத்தில் குறைந்ததோ அந்த இடத்திலேயே கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறோம். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் படுக்கப்போகும்போது, அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரியச் சுமார் மூன்று மாதம் ஆகலாம். நிறுத்தினால் வறட்சி திரும்பும். அதனால் ஒரு டியூப் போட்டுவிட்டு ‘கேக்கல’ என்று தூக்கிப் போடாதீர்கள். இங்கே இது இறக்குமதிச் சரக்கு, சில மாதம் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது. கிடைக்கிறபோது ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள்.

ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் நம் பெண்களிடம் இருக்கிறது. அந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 2002இல். அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியின் ஒரு பகுதியை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். அது வாய்வழி சாப்பிடுகிற, உடம்பு முழுக்கப் போகிற மாத்திரை. உள்ளே போடுகிற குறைந்த அளவு க்ரீமில் இரத்தத்துக்குப் போவது மிகமிகக் கொஞ்சம். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்து வலியோடு இருக்க வேண்டாம். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் முதல் தடவை ஒரு டாக்டர் பார்த்த பிறகு ஆரம்பிப்பதுதான் சரி. அரிப்புத்தான் பிரதானமாக இருந்து, வெளித்தோலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தால் அது வேறு தோல் நோயாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து, நீண்ட நாள் கண்காணிப்பும் வேண்டும்.

இடுப்பின் அடித்தளத் தசைப் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதி வைத்தது, சிறுநீர்க் கசிவுக்கு இன்றைக்கும் அதுதான் முதல் வைத்தியம். சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ அதை மூன்றிலிருந்து ஐந்து நொடி இறுக்கிப் பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு நேரத்துக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று நேரம். தசை எது என்று தெரிந்துகொண்ட பிறகு சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யாதீர்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள். சிறுநீர்க் கசிவு, அடி இறங்குதல் (கருப்பை கீழே இறங்குவது) இரண்டுக்கும் உதவும். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். வலியால் ஏற்கனவே தசை இறுகிப்போனவர்கள் இறுக்குவதை விடத் தளர்த்துவதையே பழக வேண்டும். ஒரு தடவை வலித்தால் அடுத்த தடவை உடம்பு பயந்து தானாகவே இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். இந்தச் சுழலை உடைக்க முதல் வழி, வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துவது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது பொறுமை என்று நமக்குச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். அந்தப் பொறுமை அந்தச் சுழலைத்தான் வளர்க்கிறது.

ஆசையைப் பற்றி இங்கே வருவோம். என்னிடம் தனியாகப் பேசுகிறவர்கள் கடைசியாகக் கேட்பது இதைத்தான்: “முன்ன மாதிரி எனக்காத் தோணவே மாட்டேங்குதே, நான் அவ்வளவுதானா?” 2000ஆம் ஆண்டில் ரோஸ்மேரி பாசன் என்ற கனடா மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். முதலில் ஆசை, பிறகு நெருக்கம், பிறகு உடம்பு கிளர்வது என்ற வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. நீண்ட நாள் சேர்ந்து வாழ்கிற பல பெண்களுக்கு வரிசை மாறி வரும். பேச்சு, தொடுதல், நெருக்கம் முதலில். உடம்பு மெதுவாக இளகுகிறது. ஆசை அதற்குப் பிறகு வந்து சேர்கிறது. பசியே இல்லை என்று உட்கார்ந்தவர் ரசத்தின் வாசனை வந்ததும் தட்டை இழுப்பது போலத்தான். தானாகத் தோன்றவில்லை என்பதால் ஆசை செத்துவிட்டது என்று ஆகாது. ஆனால் நெருக்கம் எல்லாம் வலியில்தான் முடியும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தால் அந்த வாசனையே வராது. அதனால்தான் வறட்சியை முதலில் சரிசெய்யச் சொல்கிறேன்.

மாத்திரைகளையும் பாருங்கள். மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும். சளி, அரிப்புக்குச் சாப்பிடுகிற அலர்ஜி மாத்திரை மூக்கை மட்டும் காய வைப்பதில்லை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் வறட்சியும் தொற்றும் கூடும், கணவருக்கு இருந்தால் அவருடைய உறுப்புக்கும் பாதிப்பு வரும். தள்ளிப் படுக்கிற எத்தனையோ வீடுகளில் இருவருக்கும் தனித்தனிக் கஷ்டம் இருக்கிறது, இருவரும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள்.

உறவு வேண்டாம் என்று மனதார நினைக்கிற பெண் இருந்தால் அது அவள் விருப்பம், அதில் குறை ஒன்றும் இல்லை. கணவரை இழந்தவர்களும் தனியாக இருப்பவர்களும் இதையெல்லாம் நமக்கெதற்கு என்று தள்ள வேண்டாம். நடக்கும்போது உரசி எரிவது, உட்கார்ந்தால் குத்துவது, அடிக்கடி நீர்க்கடுப்பு எல்லாம் அவர்களுக்கும்தான். தன் உடம்பைத் தானே தொட்டு அறிந்துகொள்வதில் உடல் கெடுவதற்கு ஒன்றும் இல்லை, அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம்தான் கூடும்.

கர்ப்பமாகும் வாய்ப்பு உடனே போய்விடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடைசி மாதவிடாய் 50 வயதுக்குப் பிறகு வந்திருந்தால் அதிலிருந்து ஒரு வருடம், 50க்கு முன்னால் வந்திருந்தால் இரண்டு வருடம் கருத்தடை வேண்டும்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். எங்கள் தெருவில் சின்னம்மா ஒருவர் இருக்கிறார். 62 வயதில் அவருக்குத் திரும்ப இரத்தம் பட்டது. “எனக்குத் திரும்ப வயசு வந்திருச்சு பாரு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த ஊரில் பெண்களுக்கு என்ன கோளாறு வந்தாலும் முதலில் கை போவது ‘துவே சே’ பக்கம்தான், இரத்த மருந்து என்று பர்மிய நாட்டு வைத்தியத்தில் விற்பது. கெட்ட இரத்தம் தேங்கிவிட்டது, வெளியே வரட்டும் என்று அவரும் நாலு மாதம் அதைக் குடித்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய். நல்ல வேளை, கருப்பைக்கு வெளியே பரவியிருக்கவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், தைப்பூசத்துக்குப் பாற்குடம்கூட எடுத்தார். அந்த நாலு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், உறவுக்குப் பிறகு மட்டும் பட்டாலும், அந்த வாரமே டாக்டர். பெரும்பாலும் மெலிந்த தோலில் கீறல் மாதிரி சின்னக் காரணம்தான் இருக்கும். ஆனால் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்குப் புற்றுநோயாக இருக்கலாம், அது சீக்கிரம் தெரிந்தால் குணமாகிற புற்றுநோய். கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையையும் மாதவிடாய் நின்றதோடு விட்டுவிடாதீர்கள், 65 வயது வரை அது தேவைப்படுகிறது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய மலை. இந்த நாட்டில் பெண்கள் கட்டும் தமெய்னை ஆண்கள் தலைக்கு மேலே போகிற கொடியில் காயப்போட மாட்டார்கள், தாழ்வான கொடியில்தான். நம் வீடுகளிலும் தீட்டு, விலக்கு என்று ஒதுங்கியே வளர்ந்தோம். இடுப்புக்குக் கீழே இருப்பதைப் பேசக் கூடாது என்பதில் பர்மியருக்கும் நமக்கும் வித்தியாசமே இல்லை. அதற்கு மேல், நம் அம்மாக்கள் சந்தையில் பர்மியம் வெளுத்துக்கட்டுவார்கள், டாக்டர் சயாமா (பெண் டாக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல மட்டும் வார்த்தை வராது. கடைசியில் “இடுப்பு வலி” என்று சொல்லிவிட்டு வலி மாத்திரையோடு திரும்பி வருவார்கள்.

அதனால் நான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், பர்மியத்திலேயே. அந்த அம்மாவுக்கும் பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன்: மாதவிடாய் நின்று ஏழு வருடம். வறட்சி, எரிச்சல். கணவருடன் சேரும்போது வலி. அரிப்பு இல்லை, வெள்ளை இல்லை. இரத்தம் பட்டதில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். பூஞ்சைக் களிம்பு இரண்டு தடவை போட்டும் பலன் இல்லை. தயவுசெய்து பார்த்துச் சொல்லவும். அவர் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். “நான் ஒண்ணும் பேச வேண்டாம்ல? இதக் குடுத்தா போதும்ல?” என்று இரண்டு தடவை கேட்டார். போதும் என்றேன். மூன்று நாள் கழித்து டாக்டர் சீட்டோடு வந்தார். க்ரீமை எடுத்துக் கொடுத்து, உள்ளே எவ்வளவு தூரம் வைக்க வேண்டும் என்று என் சுண்டு விரலைக் காட்டிச் சொன்னேன். அவர் தன் விரலையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டார்.